ஐரோப்பிய கிளவுடில் ஏறாத ஃபைலும் திறக்காத லிங்க்கும்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்குவது

பினாங்கில் எனக்குத் தெரிந்த தமிழர்கள் சிலர், ஐரோப்பாவில் புதிதாக வளர்ந்து வரும் ஒரு கிளவுட் சேமிப்புச் சேவைக்கு மாறியிருக்கிறார்கள். பட்டர்வொர்த்தில் கல்யாணப் படம் எடுக்கும் தம்பி, கோயில் கமிட்டிச் செயலாளர், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி டீச்சர் என்று பலதரப்பட்ட ஆட்கள். விலை குறைவு என்பது ஒரு காரணம், கம்பெனிக்காரனே நம் படத்தைத் திறந்து பார்க்க முடியாது என்பது இன்னொரு காரணம். மாறிய கையோடு புகாரும் வர ஆரம்பித்துவிட்டது, முக்கால்வாசி வாட்ஸ்அப் குரல் பதிவாகவே வரும், "அண்ணே, இது ஓடமாட்டேங்குது, என்னானு பாருங்க" என்பதோடு முடிந்துவிடும். எது ஓடவில்லை, எங்கே நிற்கிறது என்று ஒரு வார்த்தை இருக்காது.

சேவையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த ரகத்தில் எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள்தான் வரும். நான் பார்த்தவரை புகார்களின் வேர் பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கிறது: சர்வர் சுமார் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பூட்டின் சாவி உங்கள் கையில் மட்டும் இருக்கிறது. லேப்டாப்பை ஃபார்மட் அடிப்பதால் இந்த இரண்டும் தீராது, ஆனால் நம் ஆட்கள் முதலில் கை வைப்பது அதில்தான்.

எதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஆப்பில் நடக்காத வேலை பிரவுசரில் நடக்கிறதா? வீட்டு வைஃபையில் நடக்காதது கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் நடக்கிறதா? அந்த ஃபைல் மட்டும் அடம் பிடிக்கிறதா, புதிதாக ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போட்டாலும் அதேதானா? பிரவுசரில் நடந்தால் ஆப்பின் கோளாறு, ஹாட்ஸ்பாட்டில் நடந்தால் வீட்டு லைனின் கோளாறு, சின்ன ஃபைல் மட்டும் ஏறினால் அந்த ஃபைலின் பெயரையோ அளவையோ பாருங்கள். எங்கேயுமே நடக்கவில்லை என்றால் சேவையின் நிலவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், சில நேரம் உண்மையிலேயே அவர்கள் பக்கம்தான் படுத்திருக்கும்.

"அப்லோட் நகரவே மாட்டேங்குது, ஆனா ஸ்பீட் டெஸ்ட்ல 100 காட்டுதே"

ஸ்பீட் டெஸ்ட் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சர்வரோடு பேசிவிட்டு அந்த 100-ஐக் காட்டுகிறது. உங்கள் படம் போகவேண்டியது ஜெர்மனிக்கோ பின்லாந்துக்கோ. அதே டெஸ்டில் சர்வரை பிராங்க்பர்ட் என்று மாற்றி ஒரு தடவை ஓட்டுங்கள், அப்லோட் எண்ணை மட்டும் பாருங்கள், பக்கத்திலேயே பிங் என்று ஒரு எண் இருக்கும் (ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்), அதையும் பாருங்கள். சிங்கப்பூருக்கு 20 மில்லி விநாடிக்குப் பக்கத்தில் இருந்தது ஐரோப்பாவுக்கு 150-இலிருந்து 250 வரை போகும். இது கோளாறு இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர்தான் போகும், நேர்கோட்டில் கேபிள் போட்டிருந்தால்கூட போய்வர 100 மில்லி விநாடி பிடிக்கும், கேபிளோ இந்தியப் பெருங்கடல், செங்கடல், எகிப்து என்று சுற்றிக்கொண்டு போகிறது.

இந்தத் தாமதம் பெரிய ஃபைலை அவ்வளவாகப் பாதிக்காது, ஒரு தடவை ஓட்டம் பிடித்துவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். குட்டி ஃபைல்கள்தான் மாட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு ஃபைலுக்கும் "அனுப்பவா, வந்ததா, சரிதானா" என்று குறைந்தது மூன்று போய்வரல் என்று வையுங்கள், ஒரு போய்வரலுக்கு 200 மில்லி விநாடி என்றால் ஃபைல் ஒன்றுக்கு 0.6 விநாடி. 10,000 ஃபைல் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் 6,000 விநாடி, அதாவது 100 நிமிடம், அதுவும் உள்ளே இருக்கும் தரவை இன்னும் கணக்கில் சேர்க்காமலே. பட்டர்வொர்த் தம்பி விஷயத்தில் நடந்தது இதுதான். கல்யாண ஃபோல்டரோடு, படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளின் பிரிவியூ (முன்காட்சி) ஃபோல்டரும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது, அதற்குள் ஆயிரக்கணக்கில் பொடிப்பொடி ஃபைல்கள். அந்தப் பிரிவியூக்களை லைட்ரூம் எப்போது வேண்டுமானாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளும், கிளவுடில் வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. சிங்க் (லேப்டாப்பையும் கிளவுடையும் தானாக ஒன்றுபோல வைக்கும் வசதி) செட்டிங்கில் அந்த ஃபோல்டரை விலக்கியதும் கேமராவின் மூல ரா (RAW) ஃபைல்கள் ஒழுங்காக ஏற ஆரம்பித்தன. (லைட்ரூம் திறந்திருக்கும்போது அதன் கேட்டலாக் ஃபைலையும் சிங்க் செய்யவிடாதீர்கள். அது ஒரு தரவுத்தளம், பாதி எழுதிய நிலையில் நகல் போனால் திறக்காமல் போகும். கணக்கு எழுதும் மென்பொருளுக்கும் இதே கதைதான்.)

செய்ய வேண்டியது: பழைய, இனிமேல் மாறாத ஃபோல்டர்களை மாதவாரியாக ஜிப் செய்து ஏற்றுங்கள். ஆப்பில் ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் என்று கேட்கும் இடம் இருந்தால் கூட்டி வையுங்கள். ஆர்குளோன் (rclone) என்ற ஃபைல் ஏற்றும் கருவியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் என்பதைச் சொல்லும் டிரான்ஸ்ஃபர்ஸ் எண்ணை அதன் இயல்பான 4-இலிருந்து 8 அல்லது 16 ஆக்கலாம், ரொம்பக் கூட்டினால் சில சேவைகள் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிடும். முதல் தடவை ஏற்றும்போது லேன் வயரைச் செருகி, லேப்டாப் தூங்கப் போகாதபடி வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

நேற்று வரை நன்றாகப் போய், உங்கள் பக்கம் எதையும் மாற்றாமலே இன்று ஆமையாகிவிட்டால், செய்தியைப் பாருங்கள். 2024 தொடக்கத்தில் செங்கடலில் ஏஏஈ-1 உட்படச் சில கேபிள்கள் அறுந்தன, 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே சீ-மீ-வீ 4 உட்பட மறுபடியும். அந்த மாதிரி நேரத்தில் போக்குவரத்து வேறு வழியாகச் சுற்றும், பிங் எகிறும், நீங்கள் மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. அவசரமானதை மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருங்கள்.

"விண்டோஸ்ல டிரைவா சேர்த்தேன், பெரிய வீடியோ மட்டும் வரமாட்டேங்குது"

வெப்டேவ் (WebDAV) வழியாகச் சேர்த்திருப்பீர்கள், கிளவுடை லேப்டாப்பில் ஒரு டிரைவ் மாதிரி காட்டும் முறை அது. விண்டோஸின் உள்ளிருப்பு வெப்டேவில் ஒரு ஃபைலுக்கு 5,00,00,000 பைட் என்ற வரம்பு இயல்பாகவே இருக்கிறது, 47 எம்பியைத் தாண்டினால் அளவு அதிகம் என்று சொல்லி நின்றுவிடும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் செட்டிங் பட்டியல்) வெப்கிளையன்ட் என்பதற்குக் கீழே அந்த வரம்பை 4 ஜிபி வரை உயர்த்தலாம், அதற்கு மேல் முடியாது. அதே டிரைவில் காலியிடம் என்று காட்டுவது உங்கள் சி டிரைவின் அளவு, கிளவுடின் அளவு இல்லை, அதைப் பார்த்து "2 டிபி வாங்கினேன், 200 ஜிபிதான் குடுத்திருக்கான்" என்று கோபப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் இந்த வெப்கிளையன்ட்டையே 2023-இல் கைவிடப்போகும் பட்டியலில் போட்டுவிட்டது, ஆகவே சேவையின் சொந்த ஆப்பையோ ஆர்குளோனையோ பழகிக்கொள்வது மேல்.

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் வெப்டேவ் உள்ளே விடவில்லை என்றால், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வழக்கமான பாஸ்வேர்ட் செல்லாது, செட்டிங்கில் ஆப் பாஸ்வேர்ட் என்று தனியாக ஒன்று உருவாக்க வேண்டும், நெக்ஸ்ட்கிளவுடில் இப்படித்தான், கூஃபரில் வெப்டேவுக்கு எப்போதுமே இப்படித்தான். பிகிளவுட் மாதிரி ஐரோப்பா, அமெரிக்கா என்று இடம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சேவையில் இரண்டுக்கும் வெப்டேவ் முகவரி வேறு வேறு.

"ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் இருக்கு" அல்லது "இந்தப் பேரை மட்டும் ஏத்துக்கமாட்டேங்குது"

இது தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கென்றே வரும் நோய், ஆங்கில உதவிப் பக்கங்களில் தேடினால் கிடைக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டீச்சரின் கணக்கில் "பொங்கல்" என்று இரண்டு ஃபோல்டர், எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல, ஒன்றில் பாதிப் படம், மற்றதில் மீதி. ஒன்று பழைய மேக்கிலிருந்து வந்தது, மற்றது விண்டோஸிலிருந்து. யூனிகோடில் "பொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ப-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ப-வோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொன்று. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதேதான், ஆகவே "கோயில்" என்று பெயர் வைத்தாலும் மாட்டுவீர்கள். பழைய மேக்கின் ஃபைல் அமைப்பு எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு வைக்கும், விண்டோஸ் நீங்கள் தட்டியதை அப்படியே வைக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது, சர்வருக்கோ இரண்டும் வேறு வேறு பெயர்.

கண்டுபிடிக்க ஒரு வழி: பெயரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, "பொ"-வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டுங்கள். "ப" மிஞ்சினால் சேர்த்து எழுதியது, "பெ" மிஞ்சினால் பிரித்து எழுதியது. ஒரு ஃபோல்டரில் உள்ளதை எல்லாம் மற்றதற்குள் நகர்த்திவிட்டு, காலியானதை அழித்துவிடுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் லினக்ஸிலோ மேக்கிலோ கான்வ்எம்வி என்ற சின்னக் கருவி மொத்தமாக மாற்றித்தரும். எந்தப் பக்கமும் சிங்க் ஓடாமல் நிறுத்தி வைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது ஒன்று முளைக்கும்.

அடுத்து பெயரின் நீளம். லினக்ஸ் சர்வர்களில் ஒரு பெயருக்கு 255 பைட் என்பது வழக்கமான வரம்பு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். "தண்ணீர்மலை" என்ற ஆறே எழுத்து 30 பைட் சாப்பிடும். ஃபைல் பெயரையும் சேர்த்துக் குறியாக்கம் செய்யும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும், ஃபோல்டர்களில் பெயர் இன்னும் வீங்குவதால், பலவற்றில் வரம்பு 143 பைட்டுக்கு இறங்கிவிடுகிறது. கமிட்டிச் செயலாளர் "தைப்பூச விழா ஏற்பாட்டுக் குழுவின் இரண்டாவது கூட்டக் குறிப்பு" என்று பெயர் வைத்திருந்தார், 168 பைட். சாதாரண ஃபோல்டரில் ஏறியது, பூட்டிய ஃபோல்டரில் "தெரியாத பிழை" என்று மட்டும் சொல்லி நின்றது. "கூட்டம் 2 தைப்பூசம்" என்று சுருக்கியதும் போய்விட்டது. பெயர் நீளம் என்று சொல்லாமல் தெரியாத பிழை என்று எழுதி வைப்பது சுத்தச் சோம்பேறித்தனம், அதில் சேவையைத் திட்டலாம்.

ஏறிவிட்டது, ஆனால் திறந்தால் உள்ளே கிறுக்கலாக இருக்கிறது என்றால் அது கிளவுடின் வேலை இல்லை. யூனிகோடு வருவதற்கு முன் அடித்த ஆவணங்கள் அவை. நம் ஊரில் முத்து நெடுமாறனின் முரசு என்ற தமிழ் மென்பொருள் 1980-களிலேயே வந்துவிட்டது, அதனால் கோயில், சங்கம், பள்ளி என்று எங்கே தோண்டினாலும் பழைய குறிமுறை ஃபைல்கள் கிடைக்கும். எழுத்துருவைக் கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

"பாஸ்வேர்ட் மாத்தினேன், பழைய ஃபைல் எதுவும் திறக்கல"

முழுக் குறியாக்கம் உள்ள சேவையில் உங்கள் பாஸ்வேர்ட்தான் சாவியைத் திறக்கும் சாவி. உள்ளே நுழைந்து, பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து மாற்றியிருந்தால் பிரச்சினை வராது. "மறந்துவிட்டது" என்ற வழியாக மாற்றியிருந்தால் கணக்கு திரும்பக் கிடைக்கும், பழைய ஃபைல் பூட்டியபடியே இருக்கும். அப்போது கேட்பது மீட்புச் சொற்கள், சேவையைப் பொறுத்து 12 சொல் அல்லது 24 சொல், அல்லது ஒரு மீட்பு ஃபைல். கணக்கு திறந்த அன்று இதை எழுதி வைக்கச் சொல்லியிருப்பார்கள், நாம் "அப்புறம்" என்று தட்டிவிட்டிருப்போம். பழைய லேப்டாப்பிலோ போனிலோ இன்னும் வெளியேறாமல் ஆப் திறந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள், இருந்தால் அதிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள், வெளியேறிவிடாதீர்கள். அதுவும் இல்லை, மீட்புச் சொல்லும் இல்லை என்றால் ஃபைல் போனது போனதுதான். சேவைக்காரர்களிடம் கெஞ்சிப் பயனில்லை, அவர்களால் திறக்க முடியாது என்பதற்காகத்தானே அங்கே போனீர்கள்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணை ஏற்க மறுத்தால் போனின் நேரத்தைப் பாருங்கள். அந்த ஆறிலக்க எண் 30 விநாடிக்கு ஒரு முறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, கையால் நேரம் வைத்த போனில் சில நிமிடம் பிசகினாலும் செல்லாது. நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றினால் முடிந்தது.

"லிங்க் அனுப்பினேன், மாமாவுக்குத் திறக்கல"

பூட்டிய ஃபைலுக்கான லிங்க்கில், பல சேவைகளில், # என்ற குறிக்குப் பின்னால் வருகிற நீண்ட எழுத்துக்கூட்டம்தான் சாவி. அந்தப் பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை, அதனால்தான் கம்பெனிக்குச் சாவி தெரியாது. ஆனால் லிங்க்கைப் பாதி நகலெடுத்தாலோ, சுருக்கும் தளத்தில் போட்டு அது வாலை வெட்டிவிட்டாலோ, இரண்டு வரியாக உடைந்து முதல் வரி மட்டும் நீலமாகத் தெரிந்தாலோ, மாமாவுக்குக் கதவு தெரியும், சாவி இருக்காது. முழு லிங்க்கையும் தனிச் செய்தியாக அனுப்புங்கள், வாட்ஸ்அப்புக்கு உள்ளேயே திறக்காமல் குரோமிலோ சஃபாரியிலோ திறக்கச் சொல்லுங்கள். பெரிய வீடியோ என்றால் அவருடைய போனே அதைப் பூட்டு நீக்க வேண்டும், பழைய போன் திணறும். சர்வரால் உள்ளே பார்க்க முடியாததால் வீடியோவை அங்கேயே சுருக்கி ஓட்டிக்காட்டவும் வழியில்லை. கல்யாண வீடியோவை மட்டும் சின்ன அளவில் தனியாக ஏற்றி அதன் லிங்க்கைக் கொடுப்பது எல்லோருக்கும் நிம்மதி.

"போன் படம் பாதியில நிக்குது"

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்க வைத்துவிடும், அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஐபோனில் முதல் தடவை ஆப்பைத் திறந்தே வைத்து, சார்ஜில் போட்டுவிட வேண்டும். ஐகிளவுடில் இடம் மிச்சம் பிடிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அசல் படங்கள் போனிலேயே இருக்காது, முதலில் ஆப்பிளிடமிருந்து இறங்கி, பிறகு ஐரோப்பாவுக்கு ஏற வேண்டும், நேரம் இரட்டிப்பாவது அதனால்தான்.

"கார்டு போகல" அல்லது "சொன்ன விலைக்கு மேல பிடிச்சிட்டான்"

டெபிட் கார்டு என்றால் வங்கி ஆப்பில் வெளிநாட்டு, இணையப் பரிவர்த்தனைகளை நீங்களே திறந்துவிட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் செப்பா முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் நம் வங்கிக் கணக்கு எண் செல்லாது, கார்டுக்கு மாறுங்கள்.

விலை கூடியிருந்தால் ரசீதைத் திறந்து, வரி (டேக்ஸ்) என்று போட்டிருக்கும் இடத்தைப் படியுங்கள். ஜெர்மனியின் வாட் (மதிப்புக்கூட்டு வரி) 19 விழுக்காடு, ஸ்லோவேனியாவில் 22. மலேசியாவில் இருக்கிற தனிநபருக்கு இந்த வரி பொதுவாக வராது, வந்திருந்தால் கணக்கில் நாடு தவறாகப் பதிந்திருக்கிறது, திருத்திவிட்டு எழுதிக் கேளுங்கள். 8 விழுக்காடு என்று இருந்தால் அது நம் சேவை வரி, வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரியில் 6 விழுக்காடாக வந்து 2024 மார்ச்சில் 8 ஆனது, கொடுத்துத்தான் ஆக வேண்டும். வரி எதுவும் இல்லாமலே சில வெள்ளி (ரிங்கிட்) கூடியிருந்தால் வங்கி யூரோவை மாற்றும்போது வைத்த கூலி.

"அழிச்சேன், இடம் குறையல"

குப்பைத் தொட்டியும் பழைய பதிப்புகளும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், பிரவுசரில் போய்க் காலி செய்யுங்கள். 1 டிபி வாங்கி விண்டோஸில் 931 என்று தெரிந்தால் ஏமாற்று இல்லை, அவர்கள் ஆயிரத்தால் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. லேப்டாப்பில் அழித்தது கிளவுடிலும் காணாமல் போய்விட்டது என்றால், சிங்க் செய்ய வேண்டிய வேலையைத்தான் அது செய்திருக்கிறது, குப்பைத் தொட்டி காலியாவதற்குள் மீட்டுக்கொள்ளுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு நகல் இல்லாமல் எந்தச் சேவையையும், ஐரோப்பாவோ அமெரிக்காவோ, நான் யாருக்கும் சொல்வதில்லை. 2021 மார்ச் 10-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் என்ற பிரெஞ்சு கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தபோது வேறு நகல் வைக்காதவர்கள் தரவைத் திரும்பப் பார்க்கவில்லை.

"டிக்கெட் போட்டேன், பதிலே இல்ல"

ஜெர்மனியில் காலை 9 மணி என்பது நமக்குக் குளிர்காலத்தில் மாலை 4, கோடையில் 3. வெள்ளிக்கிழமை ராத்திரி போட்ட டிக்கெட்டைத் (உதவி கேட்டு அனுப்பும் புகார்) திங்கள் மாலைக்கு முன் யாரும் பார்க்கப் போவதில்லை, வளர்ந்து வரும் கம்பெனிகளில் உதவிக்கு இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். பதில் வரவில்லை என்று இரண்டாவது டிக்கெட் போடாதீர்கள், பல இடங்களில் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். முதல் டிக்கெட்டிலேயே எல்லாவற்றையும் கொடுங்கள்: மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், இந்த ஆப் பதிப்பு, இந்த விண்டோஸ், இந்த ஃபைலின் அளவு, பெயர் தமிழ் எழுத்தில், நம் நேரம் இத்தனை மணிக்கு நின்றது, பிரவுசரில் இப்படி, ஹாட்ஸ்பாட்டில் அப்படி, பிராங்க்பர்ட்டுக்குப் பிங் இவ்வளவு. ஆப்பின் லாக் ஃபைலையும் இணைத்துவிடுங்கள். மீட்புச் சொற்களை மட்டும் எவன் கேட்டாலும் எழுதாதீர்கள்.

கணக்கையே முடக்கிவிட்டு வாய் திறக்காமல் இருந்தால், நிறுவனம் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருக்கும் பட்சத்தில், ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15, 20 பிரிவுகளின்படி என் தரவின் நகல் வேண்டும் என்று அவர்களின் தனியுரிமை மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டம் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை, கம்பெனி எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. பதில் சொல்ல அவர்களுக்குப் பொதுவாக ஒரு மாதம் அவகாசம், அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள்.